வாசலில் வைத்த பார்சல் காணோம்: சட்டப்படி அது என்ன குற்றம், என்ன தண்டனை?

"தபாலில் கை வைத்தால் சும்மா விடமாட்டார்கள், அது கவர்ன்மென்ட் சமாச்சாரம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அது உண்மையாகத்தான் இருந்தது. அஞ்சலைத் திருடுவதற்கும், பிரிப்பதற்கும், பதுக்குவதற்கும் என்றே இந்தியாவில் தனிப் பிரிவுகள் இருந்தன. இப்போது அவை இல்லை.

இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் இருந்து ஒருவர் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனால், செருப்பையோ சைக்கிளையோ திருடியவர் மீது பாயும் அதே பொதுச் சட்டம்தான் அவர் மீதும் பாயும். அதனால் எல்லாருக்கும் ஒரே தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பார்சலை எடுத்ததற்கு ஒருவருக்குச் சமூக சேவையும் இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார், அதன் மதிப்பு என்ன என்ற மூன்று கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் பழைய சட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். அது 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டம். அஞ்சல் ஊழியர் ஒருவர் தபாலைத் திருடினாலோ, ஒளித்தாலோ, அழித்தாலோ, தூக்கி எறிந்தாலோ 7 ஆண்டு வரை சிறை. அனுமதியில்லாமல் பிரித்தாலும், வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலும் 2 ஆண்டு வரை. அடுத்தவருக்கு வரவேண்டிய தபாலை மோசடியாக வைத்துக்கொள்ளும் வெளியாளுக்கும் 2 ஆண்டு வரை உண்டு. தபால் கொண்டுபோகிறவர் குடித்துவிட்டு வேலை பார்த்தால், வழியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு தாமதம் செய்தால் 50 ரூபாய் அபராதம் என்றுகூட அதில் எழுதியிருந்தது. 1898இல் 50 ரூபாய் பெரிய தொகை. அந்தத் தொகையை உயர்த்தவே இல்லை.

பல சட்டங்களை ஒன்றாகத் திருத்திய 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் இந்தத் தண்டனைகளை நீக்கியது. 1898 சட்டத்தையே நீக்கிவிட்டு 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்ததுதான் அஞ்சலகச் சட்டம், 2023. குற்றங்கள், தண்டனைகள் என்ற பகுதியே அதில் கிடையாது. அஞ்சலகத்துக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டாவிட்டால் நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல வசூலிக்கலாம் என்பது மட்டும் மிஞ்சியது. திருட்டு, கையாடல் எல்லாம் பொதுக் குற்றவியல் சட்டத்திலேயே இருக்கின்றன, இங்கே எதற்கு இன்னொரு தடவை என்பது ஒரு வாதம். பொருளைத் திருடும் விஷயத்தில் அது சரிதான். ஆனால் எதையும் எடுக்காமல் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுக்கும் ஊழியரை என்ன செய்வது? பழைய சட்டத்தில் அதற்கு நேரடியான பதில் இருந்தது, புதியதில் இல்லை. மசோதா வந்தபோதே இந்தக் குறை சுட்டிக்காட்டப்பட்டது. என்னைக் கேட்டால், அந்த ஒரு பிரிவையாவது வைத்திருந்திருக்கலாம்.

சரி, இப்போது நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ். இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த திருட்டு என்றால் பழைய ஐபிசி பிரிவுகளில்தான் வழக்கு நடக்கும்.

திருட்டு என்றால் என்ன என்பதை பிஎன்எஸ் 303ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கும் நோக்கில் நகர்த்தினாலே திருட்டு. இதில் கவனிக்கவேண்டிய வார்த்தை 'வசம்'. பொருளின் சொந்தக்காரர் யார் என்று சட்டம் முதலில் கேட்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கிறது. பார்சல் டெலிவரி வண்டியில் இருக்கும்போது அது கூரியர் கம்பெனி வசம். உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனபிறகு உங்கள் வசம். நீங்கள் வீட்டில் இல்லை, கையெழுத்துப் போடவில்லை, இன்னும் பணமே கட்டவில்லை என்பதையெல்லாம் காட்டித் திருடியவர் தப்பிக்க முடியாது. யாரோ ஒருவர் வசம் அது இருந்தது, அவரைக் கேட்காமல் எடுத்தாயிற்று. நகர்த்தினாலே போதும் என்பதால், தெருமுனையில் பிடிபட்டு பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் குற்றம் நடந்து முடிந்ததுதான்.

இதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல். டெலிவரி செய்பவர் கையில் இருக்கும்போதே வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடினால் 304ஆம் பிரிவின்படி அது 'பறிப்பு', 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அடிப்பேன் என்று மிரட்டிப் பிடுங்கினால் கொள்ளை, 10 ஆண்டு வரை கடுங்காவல்.

அடுத்து வருவதுதான் பார்சல் விஷயத்தில் மிக முக்கியம். 5,000 ரூபாய் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, அவர் முதல் முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை கிடையாது, சமூக சேவைதான் தண்டனை. இது பிஎன்எஸ் புதிதாகக் கொண்டுவந்தது. பசிக்கு பிஸ்கட் பாக்கெட் எடுத்த பையனை ஜெயிலுக்கு அனுப்பி முழுத் திருடனாக்கி வெளியே விடுவதைவிட இது எவ்வளவோ மேல். அதில் எனக்கு மறுப்பில்லை.

சிக்கல் இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. போலீஸ் எப்படி விசாரிக்கவேண்டும் என்று சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ்எஸ், இதே 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் வைத்துவிட்டது. முன்பெல்லாம் நூறு ரூபாய் திருட்டானாலும் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட்டு நேராக விசாரணையைத் தொடங்கலாம். இப்போது அந்தச் சின்னத் திருட்டுக்கு எஃப்ஐஆர் கிடையாது. புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லவேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் விசாரணை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட.

நம் வீடுகளுக்கு வரும் பார்சல்களை யோசித்துப் பாருங்கள். சுடிதார், ஹெட்போன், குக்கர் கேஸ்கெட், பிள்ளையின் கைடு. பெரும்பாலும் 5,000 ரூபாயைத் தொடாது. ஆகவே தெருவில் கிடந்த பார்சலை எடுத்தவர் மீதான சாதாரணத் திருட்டுப் புகார், தண்டனை என்ன என்ற கேள்விக்கே போகாமல் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். 800 ரூபாய் குர்த்தாவுக்காக யார் மாஜிஸ்திரேட் கோர்ட் படி ஏறுவார்கள்?

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. மதிப்பைப் பார்க்காமல், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைப் பார்க்கும் பிரிவு அது. பிஎன்எஸ் 305இன்படி, மனிதர் குடியிருக்கும் கட்டடத்திலோ பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ திருடினால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். சரக்கு ஏற்றும் வண்டியில் இருந்து பொருளைத் திருடினாலும், அரசுச் சொத்தைத் திருடினாலும் இதே தண்டனை. இங்கே 5,000 ரூபாய் கணக்கு எதுவும் இல்லை. போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாம், கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைத்துவிடாது. கூரியர் கம்பெனி குடோன், டெலிவரி வேன், அஞ்சலகக் கட்டடம், மெயில் வேன் எல்லாம் இதில் வந்துவிடும்.

வீட்டு விஷயத்தில் கொஞ்சம் இழுபறி இருக்கிறது. கூடத்து மேஜையில் இருந்து எடுத்தால் சந்தேகமே இல்லை. கிரில் கேட் போட்டுப் பூட்டிய வராந்தா? அதையும் வீட்டின் பகுதி என்று நன்றாகவே வாதாடலாம். காம்பவுண்டு சுவருக்குள் இருக்கும் திறந்த முற்றம், அப்பார்ட்மென்ட் நடைபாதை, செக்யூரிட்டி மேஜை, தெருவைப் பார்த்த திண்ணை என்று வெளியே வர வர வாதம் பலவீனமாகிக்கொண்டே போகும். இடத்தின் அமைப்பைப் பார்த்துக் கோர்ட்தான் முடிவு செய்யவேண்டும். திருடுவதற்காக வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று நிரூபித்தால் 332ஆம் பிரிவிலும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே புகார் எழுதும்போது "பார்சல் காணாமல் போய்விட்டது" என்று மொட்டையாக எழுதாமல், கேட்டுக்குள்ளா வெளியிலா, எந்த இடத்தில், எந்த நிலையில் இருந்தது என்று விவரமாக எழுதுவது நல்லது. எந்தப் பிரிவு பொருந்தும் என்பது அந்த ஒரு வரியில் மாறக்கூடும்.

இனி, யார் எடுத்தார் என்ற கேள்வி. இங்கேதான் தண்டனை கிடுகிடுவென்று ஏறுகிறது.

வழிப்போக்கர் எடுத்தால் திருட்டு. பொருளை நம்பி யாரிடம் ஒப்படைத்தோமோ அவரே எடுத்தால் சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை மோசடி, 316ஆம் பிரிவு. சாதாரண ஆள் என்றால் 5 ஆண்டு வரை. சரக்கு கொண்டுசெல்பவர், கிடங்கு வைத்திருப்பவர் என்றால் 7 ஆண்டு வரை. ஊழியர் தன் முதலாளி ஒப்படைத்த பொருளைக் கையாடினாலும் 7 ஆண்டு வரை. டெலிவரி செய்பவர் கம்பெனியின் ஊழியரா, தனியாகத் தொழில் செய்யும் பங்குதாரரா என்று சம்பள விஷயத்தில் நாடெங்கும் சண்டை நடக்கிறது. இந்தப் பிரிவைப் பொறுத்தவரை அவர் ஊழியராக இருந்தாலும் சரக்கு கொண்டுசெல்பவராக இருந்தாலும் வந்து நிற்பது அதே 7 ஆண்டில்தான். குடோனில் பேக்கிங் வேலை பார்ப்பவர், தன்னிடம் ஒப்படைக்காத பெட்டியில் இருந்து போனை உருவினால் அது ஊழியர் செய்யும் திருட்டு. 306ஆம் பிரிவு, அதற்கும் 7 ஆண்டு வரை.

அப்புறம் தபால்காரர். அவர் அரசு ஊழியர். அரசு ஊழியர் தன் பதவியின் பேரில் கைக்கு வந்த பொருளைக் கையாடினால் 316ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு: ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய ஐபிசியில் 409 என்று பேர்போன பிரிவு இதுதான். மணியார்டர் பணம், சேமிப்புக் கணக்குப் பணம் கையாடல் வழக்குகளில் அடிக்கடி காதில் விழும் எண். சட்டத்தில் ஆயுள் தண்டனை இருக்கிறது என்பதால் ஒரு பார்சலுக்கு ஆயுள் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, அது உச்சவரம்பு. ஆனாலும் தனியார் கூரியர் ஆளுக்கு 7 ஆண்டோடு நிற்பது தபால்காரருக்கு ஆயுள் வரை போகிறது என்பது உண்மை. அஞ்சல் சட்டத்தில் இருந்து தண்டனைகளை எடுத்தபிறகும் 'தபாலில் கை வைக்காதே' என்ற பழைய பயம் இந்த ஒரு இடத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

திருடவே நினைக்காத ஒருவர் மாட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. பக்கத்து வீட்டுப் பார்சல் தவறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் போய் எடுக்கவில்லை, அதுவாகவே வந்தது. வைத்துக்கொள்ளலாமா? கூடாது. யாருடையது என்று தெரிந்தும் தனதாக்கிக்கொண்டால் 314ஆம் பிரிவு, குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. இந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று ஒரு கடிதத்தைப் பற்றியது. ஒருவருக்கு வழியில் ஒரு கடிதம் கிடைக்கிறது, உள்ளே ரூபாய் நோட்டு. முகவரியையும் உள்ளே எழுதியிருப்பதையும் பார்த்து அது யாருடையது என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்தும் பணத்தை வைத்துக்கொண்டால் குற்றவாளி. ரோட்டில் யாருடையது என்றே தெரியாத ஒரு ரூபாய் கிடைத்து எடுத்தால் குற்றமில்லை என்பதும் அதே வரிசையில் இருக்கிறது. பார்சலின் மேல்தான் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கிறதே, தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

நேர்மையற்ற எண்ணத்தோடு அடுத்தவரின் மூடிய பெட்டியை உடைப்பதே தனிக் குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது. 334ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை. பெட்டியை நம்பி ஒப்படைக்கப்பட்டவரே உடைத்தால் 3 ஆண்டு வரை. பெயரைப் பார்க்காமல் அவசரத்தில் பிரித்துவிட்டால் பயப்படத் தேவையில்லை, எண்ணம்தான் முக்கியம். ஒட்டி எடுத்துப்போய்க் கொடுத்துவிடுங்கள்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை. சீல் பிரிக்காத புது போன், பில் இல்லாமல் பாதி விலைக்கு வந்தால் யோசிக்க வேண்டியது இதனால்தான். தபாலில் வந்த டெபிட் கார்டையோ ஆதார் அட்டையையோ திருடி, அந்த அடையாளத்தை வைத்து ஆன்லைனில் மோசடி செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவும் சேரும்: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தலைகீழாகவும் நடக்கும். சரியாக வந்த பொருளை வைத்துக்கொண்டு, "காலிப் பெட்டிதான் வந்தது" என்று பொய் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கினால் அது ஏமாற்றுக் குற்றம், 318ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் 7 ஆண்டு வரை. சிலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் வாசல் பார்சல் திருட்டு அடிக்கடி பேச்சில் வரும். அங்கே கதை வேறு. அரசு அஞ்சல் துறை கொண்டுவரும் தபாலை அஞ்சல் பெட்டியிலிருந்தோ தபால்காரரிடமிருந்தோ திருடினால் அது மத்திய அரசுக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. தனியார் கூரியர் கொண்டுவந்து வாசலில் வைத்த பெட்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அந்தந்த மாநிலச் சட்டம்தான். டெக்சஸ் மாநிலம் 2019இல் கொண்டுவந்த சட்டம், பொருளின் விலையை விட்டுவிட்டு எத்தனை பேருடைய அஞ்சல் திருடப்பட்டது என்று எண்ணுகிறது. 10 பேருக்குக் குறைவு என்றால் ஓராண்டு வரை, 30 பேரைத் தொட்டால் 10 ஆண்டு வரை. தனியார் பார்சலும் அதில் சேர்த்தி. புளோரிடா 2024இல் வீட்டு வாசலில் இருந்து 40 டாலர் மதிப்புக்குத் திருடினாலே பெருங்குற்றம் என்று ஆக்கியது, 5 ஆண்டு வரை. நாம் 5,000 ரூபாய்க்குக் கீழே தளர்த்திய அதே வருடத்தில் அவர்கள் இறுக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டின் 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் தபாலைத் திருடும் அஞ்சல் ஊழியருக்கு மரண தண்டனையே இருந்தது. அதோடு பார்த்தால் நம் 1898 சட்டம் சாது.

எல்லாக் காணாமல் போதலும் குற்றமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்சல் வேறு ஊருக்குப் போய்விட்டது, குடோனில் தொலைந்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது என்றால் போலீஸுக்கு அங்கே வேலையில்லை. விற்றவரிடம் பணம் கேட்கவேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அரசு அஞ்சல் மட்டும் விதிவிலக்கு மாதிரி. விதிகளில் சொல்லியிருக்கும் அளவுக்கு மேல் அஞ்சலகம் பொறுப்பேற்காது என்று 2023 சட்டமே சொல்கிறது.

திருட்டுதான் என்று தெரிந்தால், முதல் வேலையாக ஆர்டர் விவரம், பில், 'டெலிவரி ஆகிவிட்டது' என்று வந்த குறுஞ்செய்தி, டெலிவரி செய்பவர் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேமித்துவையுங்கள். பில் முக்கியம். 5,000 ரூபாய்க் கோட்டுக்கு மேலா கீழா என்பதைக் காட்ட அதுதான் கையில் இருக்கும். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும். எஃப்ஐஆர் போடவில்லை என்றாலும் தமிழ்நாட்டில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், அதைக் கேட்டு வாங்காமல் வரவேண்டாம். விற்ற கம்பெனியிடம் பணம் திரும்பக் கேட்கும்போதும் அது உதவும்.

சிசிடிவி காட்சி இருந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். பல கேமராக்கள் சில நாட்களில் பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதிவு செய்துவிடும். கோர்ட்டில் அந்த நகல் செல்லவேண்டுமானால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்கவேண்டும். அதில் கேமராவைக் கவனித்துக்கொள்பவர் ஒரு கையெழுத்தும், விவரம் தெரிந்த நிபுணர் ஒருவர் இன்னொரு கையெழுத்தும் போடவேண்டும். எதிர்வீட்டுக் கேமராவில்தான் திருடன் முகம் தெரிகிறது என்றால், எதிர்வீட்டுக்காரரிடம் முதலில் பேசவேண்டியது இந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.